மல்லி பால் மறந்த கதை

கைக்குழந்தைக்குப் பால்குடி மறக்கடிப்பது எத்தனை பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்ப்பார்கள். பாட்டி வீட்டுக்கு நாலு நாள் அனுப்பிப் பார்ப்பார்கள். குழந்தை ஒரு பக்கம் அழும். தாய் மற்றொரு பக்கம் கண்ணைத் துடைத்துக் கொள்வாள். கடைசியில் யார் யாரை மறக்கப் பாடுபட்டார்கள் என்றே தெரியாமல் போய்விடும்.

அந்தக் குழந்தைக்கு நாலு கால்களும் ஒரு குட்டை வாலும் இருந்து, அது கூடத்து மெத்தைமேல் ஏறி நின்றுகொண்டு பால் புட்டிக்காகக் கத்தவும் செய்தால்? கோவில்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டில் அதுதான் நடந்தது. சிரித்துவிடாதீர்கள். அந்தக் கதையில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அன்புக்கு அங்கே ஒரு குறைவும் இல்லை, பொறுமைதான் போதவில்லை.

மூன்றாவது பிள்ளை

2024-ம் ஆண்டு, பொங்கல் கழிந்த நாலாம் நாள். அக்கா வீட்டுப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி, முந்தானைக்குள் எதையோ பொத்தி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். விலக்கிப் பார்த்தால், மையில் தோய்த்து எடுத்தாற்போல் ஓர் ஆட்டுக்குட்டி! முகத்தில் மட்டும் இரு பக்கமும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு. தென் பாண்டிச் சீமைக்குப் பேர் போன கன்னி ஆட்டின் அடையாளம் அது. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி என்று சொல்வது வழக்கம்.

"மூணு போட்டிருக்கு தாயி. காம்பு ரெண்டுதானே இருக்கு? மத்த ரெண்டும் முட்டித் தள்ளிட்டு இதை அண்ட விடமாட்டேங்குது. சீம்பா மட்டும் பீச்சிக் குடுத்திட்டேன். புட்டிப்பால் குடுத்து வளத்தீங்கன்னா பிழைச்சுக்கும்" என்றாள் பாட்டி.

அக்கா யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய பெண்கள் இருவரும் குட்டிக்கு மல்லி என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் வைத்த பிறகு திருப்பி அனுப்ப முடியுமா?

பாட்டி சீம்பால் கொடுத்தாளே, அதுதான் மல்லிக்குக் கிடைத்த முதல் கவசம். மனிதக் குழந்தைக்கு நோயை எதிர்க்கும் சக்தியில் ஒரு பங்கு தாயின் வயிற்றில் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது வெறுங்கையோடு பிறக்கிறது. அந்தச் சக்தி சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதற்கும் கெடு உண்டு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் வாய் போய்விட வேண்டும். ஒரு நாளைக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். 24 மணி நேரம் கடந்தால் குடல் கதவைச் சாத்திக்கொண்டு விடுகிறது. பிறகு குடம் குடமாகக் கொடுத்தாலும் அந்தப் பலன் கிடையாது. வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சீம்பால் கிண்டிச் சாப்பிடும் நாம், முதல் பங்கு யாருடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது!

மடியில் கிடத்தலாமா?

மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது மல்லியின் எடை 2 கிலோ. அக்காவின் மாமியார் பரணிலிருந்து பழைய பாலாடையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, குட்டியை மடியில் மல்லாத்திக் கிடத்திக்கொண்டார். தம் பேரப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பால் புகட்டிய கையல்லவா?

"ஐயையோ, வேண்டாம் தாயி! இது மனுசப் பிள்ளை இல்லை. மூச்சுக்குள்ள பால் ஏறிப் போகும்" என்று பாட்டி பதறித் தடுத்தாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. ஆட்டுக்குட்டி நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, முகத்தைச் சற்றே உயர்த்தி உறிஞ்சிக் குடிக்க வேண்டும். தாயின் மடியில் அப்படித்தானே குடிக்கிறது? அப்படி உறிஞ்சும்போது அதன் வயிற்றுக்குள் ஒரு மடிப்பு குழாய் போல் மூடிக்கொண்டு, பாலை நேரே போக வேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. மல்லாத்தி ஊற்றினால் பால் நுரையீரலுக்குப் போகலாம். வயிற்றில் தவறான அறைக்குள் விழுந்து புளித்தும் போகலாம்.

ஆகவே ரப்பர் காம்பு வைத்த புட்டி வந்தது. ஒவ்வொரு வேளையும் அதை வெந்நீரில் கொதிக்க வைத்தார்கள். பாலில் தண்ணீர் கலக்கவில்லை. குட்டியின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு, அதாவது நாளைக்கு 300 முதல் 350 மில்லி வரையில், ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆட்டின் உடம்புச் சூடு நம்முடையதைவிட ஏறக்குறைய இரண்டு டிகிரி அதிகம். அதனால் பாலும் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் இதமாகச் சுட வேண்டும். ஆறிப்போன பால் ஆகாது. ஆசைக்கு ஒரு புட்டி அதிகமாகக் கொடுப்பதும் ஆகாது. இரண்டும் கழிச்சலில் கொண்டுபோய் விடும்.

மாசி மாதத்தில் நான் போயிருந்தபோது எனக்கும் ஒரு வேளைப் பொறுப்புக் கிடைத்தது. மல்லி முட்டிய வேகத்தில் புட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உருண்டோம். "பேனா பிடித்தால் மட்டும் போதுமா? புட்டி பிடிக்கத் தெரியவில்லையே உனக்கு!" என்று அக்கா சிரித்தாள். அப்போது அந்த வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவசர முடிவு

ஆறாவது வாரம் வந்தது. மல்லி கட்டிலிலிருந்து மேஜைக்கும், மேஜையிலிருந்து பீரோவின் மேலேயும் தாவக் கற்றுக்கொண்டாள். ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைக் காகிதத்தோடு விழுங்கினாள். போகட்டும், கோவில்பட்டிக் குட்டியாயிற்றே என்று மன்னித்தார்கள். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. திருத்துவதற்காகக் கொண்டுவந்திருந்த பரீட்சைத் தாள்களில் மூன்றை மல்லி தின்று தீர்த்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"போதும்! இன்றோடு பாலும் இல்லை, வீடும் இல்லை" என்று சொல்லி, அன்று மாலையே குட்டியைக் கொல்லைப்புறத்தில் கட்டிவிட்டாள்.

அன்று இரவெல்லாம் மல்லி கத்தினாள். முன்னால் போட்ட அகத்திக் கீரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. நாலாம் நாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் கழுத்தைத் தரையில் போட்டுவிட்டாள். அத்தான் அவளைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். பின்னாலேயே அழுதுகொண்டு இரண்டு பெண்களும், அழாமல் அழுதுகொண்டு அக்காவும்.

டாக்டர் ஓர் இளம் பெண். சாணத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். குட்டிகளின் குடலில் சாதாரணமாகவே கொஞ்சம் குடியிருக்கும் ஒருவகை நுண்கிருமி, உடம்பு தளர்ந்த சமயம் பார்த்துப் பெருகிவிட்டது என்றார். மருந்து கொடுத்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை பிடி தீனி தின்கிறது?" என்று கேட்டார்.

"இலையெல்லாம் கொறிக்குமே!"

"கொறிப்பது வேறு, தின்பது வேறு, அம்மா. நீங்கள் ஒரே நாளில் மூன்று காரியம் செய்துவிட்டீர்கள். பாலை நிறுத்தினீர்கள், இடத்தை மாற்றினீர்கள், கூட இருந்தவர்களையும் பிரித்துவிட்டீர்கள். பெரிய ஆடே இதைத் தாங்காது. ஒரு தடவைக்கு ஒன்று. அதுதான் கணக்கு."

நேயர்களே, இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு வாக்கியத்தை நினைவு வைத்துக்கொள்வதானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தடவைக்கு ஒன்று.

நாலு அறை வயிறு

ஆட்டுக்கு வயிறு நாலு அறைகள் கொண்ட வீடு. பிறந்த குட்டிக்கு நாலாவது அறைதான் பெரிது; பால் போய்ச் செரிப்பது அங்கேதான். முதல் அறையோ சுருங்கிக் கிடக்கிறது. வளர்ந்த ஆட்டில் அந்த முதல் அறையே மொத்த வயிற்றில் ஐந்தில் நாலு பங்கு! இலை தழைகளை ஊறவைத்து, புளிக்கவைத்து, அசை போட மேலே அனுப்பும் சமையற்கட்டு அது.

இந்தச் சமையற்கட்டு வயதானால் தானே வளர்ந்துவிடாது என்பதுதான் விஷயம். தழையும் தானியமும் உள்ளே போய்ப் புளிக்கும்போது உண்டாகும் அமிலங்கள்தாம் அதன் உட்சுவரை வளர்க்கின்றன. பாலையே குடித்துக்கொண்டிருந்தால் அந்த அறை திறப்பு விழா காணாமலே இருந்துவிடும். சமையற்கட்டைக் கட்டாமல் பாலை நிறுத்தினால், கண்முன்னே கட்டுக் கட்டாகத் தழை இருந்தும் குட்டி பட்டினிதான்.

மல்லி ஐந்து நாளில் தேறினாள். பால் மறுபடி மூன்று வேளை ஆரம்பமாயிற்று. ஆனால் இப்போது பாலை மறக்கடிப்பதற்கு முன்னால் தீனியைப் பழக்கினார்கள்.

இரண்டு பங்கு உடைத்த மக்காச்சோளம், ஒரு பங்கு கடலைப் பிண்ணாக்கு, ஒரு பங்கு தவிடு. இவற்றோடு தாது உப்புக் கலவையும் சாதாரண உப்பும் கொஞ்சம். ஒவ்வொரு முறை புட்டி காலியானதும், பால் வாசனை மாறாத அந்த வாயில் இந்தத் தீனியை ஒரு சிட்டிகை தடவுவாள் அக்காவின் மூத்த பெண். முதலில் துப்பினாள் மல்லி, பிறகு நக்கினாள், பிறகு தட்டைத் தேடிப் போனாள். அகத்தி, வேம்பு, கொடுக்காப்புளித் தழைகளைத் தரையில் போடாமல் தலைக்குமேல் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆட்டுக்கு எட்டிக் கடிப்பதில்தான் ருசி. மிதித்ததை அது தொடாது. பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர். பால் குடிக்கும் குட்டிக்குத் தண்ணீர் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். தழை புளிப்பதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடிக்காத குட்டி தீனியும் தின்னாது.

எட்டாவது வாரத்தில் மத்தியான வேளைப் பால் நின்றது. ஒன்பதாவது வாரத்தில் காலை வேளையும் நின்றது. பிறகு இரவுப் புட்டி மட்டும், நாளுக்கு நாள் அளவு குறைந்துகொண்டே வந்தது. பதினோராவது வாரத்தில் ஒரு நாள் அதையும் கொடுக்கவில்லை. கேட்டாளா என்றால், அரைமணி நேரம் கேட்டாள்; பிறகு படுத்து அசை போட ஆரம்பித்துவிட்டாள். அன்று எடை 6 கிலோவைத் தாண்டியிருந்தது. பிறந்தபோது இருந்ததைப் போல் இரண்டரை மடங்கு எடை, நாள்தோறும் இரண்டு பிடி தீனி, ஓய்வாகப் படுக்கும்போது அசை: டாக்டர் சொன்ன மூன்று அடையாளங்களும் சரியாக இருந்தன. காலண்டரை மட்டும் பார்த்துப் பாலை நிறுத்தாதீர்கள். குட்டியைப் பார்த்து நிறுத்துங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பாட்டி கண்டிப்பாக இருந்தாள். "சோறு மட்டும் போட்டுராத தாயி. கல்யாண வீட்டுச் சோத்தைத் தின்னு வயிறு வீங்கிச் செத்த ஆடு எத்தனையோ" என்றாள். மீந்த சாதத்தை ஆட்டுக்கு வைப்பது புண்ணியம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் சோறு அந்த முதல் அறையில் மிதமிஞ்சிப் புளித்து, அமிலமாகி, ஒரே நாளில் ஆட்டைக் கொன்றுவிடக் கூடியது. நம் அன்பு நம் சாப்பாட்டு வடிவத்திலேயே போக வேண்டும் என்பதில்லையே!

ஆடு என்று அறியாத ஆடு

பால் போயிற்று. இடமாற்றத்துக்கு இரண்டு வாரம் தவணை. அதற்கு நடுவில் ஒரு துணை சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

பாட்டி, மல்லியோடு பிறந்த பெட்டைக்குட்டியை ஒரு சாயங்காலம் கொல்லைக்கு அழைத்து வந்தாள். உடன்பிறந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டதும் ஓடி வந்து கொஞ்சும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். மல்லி என்ன செய்தாள் தெரியுமா? பயந்து அலறி, அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்!

தான் ஓர் ஆடு என்பதே அவளுக்குத் தெரியாது. அவளைப் பெற்ற தாயும் மந்தையோடு அவ்வழியே வந்தது; முகர்ந்து பார்த்துவிட்டு, முட்டித் தள்ளிவிட்டுப் போயிற்று. தாய் ஆடு தன் குட்டியைப் பிரதானமாக வாசனையால்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. அந்த அடையாளம் பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். அது தப்பினால் பெற்ற குட்டியும் அயல் குட்டிதான். இதைக் கண்டு அக்காவின் சின்னப் பெண் அன்று சாப்பிடவே இல்லை.

"அழாதே கண்ணு. நாளைக்கும் கூட்டியாறேன்" என்றாள் பாட்டி. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். முதலில் வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பிறகு ஒரே தழைக் கட்டில் இரண்டு வாய்கள். ஐந்தாம் நாள் இரண்டும் நெற்றியோடு நெற்றி முட்டி விளையாடின. ஒன்று கடித்த தழையை மற்றதும் கடித்துப் பார்த்தது. எது தின்னத் தக்கது, எது தகாதது என்பதைக் குட்டிகள் மற்ற ஆடுகளைப் பார்த்தும் கற்றுக்கொள்கின்றன. புட்டி பிடிக்கத் தெரிந்த நமக்கு அந்தப் பாடம் நடத்தத் தெரியாது.

முட்டி விளையாடுவதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குட்டி கிடாய்க்குட்டியாக இருந்தால், அதன் நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடாதீர்கள். மனிதரோடு மட்டுமே வளர்ந்த கிடாய், நம்மையும் ஒரு கிடாய் என்றே எண்ணிவிடும். இன்று சிரிப்பாக இருக்கும் முட்டு, ஒரு வருஷம் கழித்து இடுப்பை ஒடிக்கும்.

கொட்டகைக் குடித்தனம்

அத்தான் கொல்லையில் வேப்பமரத்தடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டார். பெரிய ஆடு ஒன்றுக்குச் சுமார் 10 சதுர அடி வேண்டும் என்ற கணக்கில் இடம் விட்டார். தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்டுச் சட்டங்களை அடித்தார். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிட, படுக்கை ஈரமில்லாமல் இருக்கும். குட்டிக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. தெருநாய் நுழையாதபடி சுற்றிலும் கம்பி வலை.

முதலில் பகலில் மட்டும் வாசம். சித்திரை வெயிலாதலால் நிழலும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாட்டியின் மந்தையோடு ஒரு மணி, இரண்டு மணி, அரை நாள் என்று மேய்ச்சல். பாட்டி காலையில் பனி காய்ந்த பிறகுதான் ஆட்டை ஓட்டுவாள். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். குடற்புழுக்களின் குஞ்சுகள் ஈரப் புல்லில் மேலேறி உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடும். எழுத்து வாசனை அறியாத பாட்டியும் கல்லூரியில் படித்த டாக்டரும் இதில் ஒரே கட்சி!

கொல்லையில் பூத்துக் குலுங்கிய அரளிச் செடியை அக்கா வேரோடு பிடுங்கி எறிந்தாள். அதன் சில இலைகளே ஓர் ஆட்டுக்கு எமன். பச்சை மரவள்ளி இலை, இளஞ்சோளப் பயிர் இரண்டிலும் விஷம் உண்டு. காய்கறித் தோலைப் பாலிதீன் பையோடு எறிகிற பழக்கமும் அந்த வீட்டில் அன்றோடு ஒழிந்தது.

மூன்று மாதம் கடந்ததும் ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி. இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நம் தமிழ்நாட்டில்தான். 1987-ல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். மந்தையோடு சேரும் குட்டிக்கு இந்த ஊசி கட்டாயம். துள்ளுமாரிக்கு ஊசி, குடற்புழுவுக்கு மருந்து இவற்றையெல்லாம் எப்போது கொடுப்பது என்பதை டாக்டரே குறித்துக் கொடுத்தார்.

அந்த ஓர் இரவு

கடைசியில் இராத் தங்கல். பாட்டி மற்றக் குட்டியையும் துணைக்கு விட்டுவிட்டுப் போனாள். "கத்தினாலும் போகாதீர்கள். கத்தினால் அம்மா வருவாள் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் விடிய விடியக் கத்தும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்கு மல்லி கத்தினாள். அக்கா கதவருகே போய் நின்றாள். அத்தான் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு ஒரு குரல், பத்தரைக்கு ஒரு குரல். பிறகு நிசப்தம். கத்தினாலாவது உயிரோடு இருக்கிறாள் என்று தெரியும். மாசி மாதத்தில் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தது அக்காவின் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு மணிக்கு எழுந்து, ஜன்னல் வழியாக டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தாள்.

இரண்டு குட்டிகளும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தன. மல்லியின் தாடை மெள்ள மெள்ள அசைந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தைக் கண்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையைத் தொடர்ந்தாள்.

"அவள் மறந்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை" என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

2025 வைகாசியில் மல்லி இரட்டைக் குட்டி போட்டாள். புட்டியில் வளர்ந்தவளாயிற்றே, குட்டிகளுக்குப் பால் கொடுக்கத் தெரியுமோ தெரியாதோ என்று அக்கா முன்ஜாக்கிரதையாக அந்தப் பழைய புட்டியைத் தேடி எடுத்துக் கொதிக்க வைத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். அங்கே மல்லி இரண்டு குட்டிகளையும் நக்கித் துடைத்துவிட்டு, காலை அகட்டிக்கொண்டு நின்றாள். காம்புக்கு ஒன்றாக இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தன.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, புட்டியைத் துடைத்து, திரும்பவும் பரண்மேல் வைத்தாள்.